துள்ளிக்கொண்டிருந்த இறாலை நான் தள்ளிய கதை

தரப்பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே,

ஐஸ் எவ்வளவு போட வேண்டும், கையை எத்தனை முறை கழுவ வேண்டும் என்பதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. சுவரில் எழுதியும் ஒட்டியிருக்கிறார்கள். "உங்க அனுபவத்துல ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று உங்கள் மேலாளர் கேட்டபோது, நான் சாதித்தவற்றை எழுதுவேன் என்று நினைத்திருப்பார். நான் மறைத்த ஒன்றை எழுதுகிறேன். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரே நேரத்தில் சிரிப்பும் வருகிறது, தலையும் குனிகிறது. சிரிக்கிற இடத்தில் நீங்களும் சிரியுங்கள். தடையில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே கடல் வாசனை அடிக்கும் மீன் ஏற்றுமதி ஆலை ஒன்று இருந்தது. அங்கேதான் நான் தரப்பிரிவுத் தலைவனாக இருந்தேன். நம் நாட்டிலிருந்து கப்பலேறும் கடல் சரக்கில் ராஜா என்றால் இறால்தான். குளத்தில் வளர்த்த வனாமி இறால் லாரி லாரியாக வரும். அதன் பின்னால் கணவாய், ஊசிக் கணவாய், நீலக்கால் நண்டு, வெள்ளிப் பட்டையைச் சுருட்டி வைத்ததுபோல் வாளை மீன். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசனை உண்டு. புதுக் கணவாய் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருக்கும். வாளை கொஞ்சம் தாமதித்தாலும் பழைய செம்புக் காசை உள்ளங்கையில் தேய்த்தது போலாகிவிடும். நல்ல இறாலை வேகவைத்து மூடியைத் திறந்தால் பால் சோளம் வேகிறதோ என்று தோன்றும்.

எனக்கு மூக்கைப் பழக்கியவர் ராயபுரத்துக்காரர், என் முதல் மேலதிகாரி. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "நாத்தத்துக்கு இன்னாத்துக்குடா பேரு?" என்பார். அவர் சொல்லிக் கொடுத்த வழக்கம்தான் எங்கள் ஆய்வறையிலும் இருந்தது. சரக்கு வந்ததும் கொஞ்சம் எடுத்து வேகவைத்து, மேசையைச் சுற்றி நின்று முகர்ந்து, ருசித்து, ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்ல வேண்டும். வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும். தலைவன் கடைசியில்.

"பெரியவன் கடசீலதான் பேசணும்டா. நீ மொதல்ல மூஞ்ச சுளிச்சன்னு வை, சின்னப் பசங்க மூக்கு அங்கியே செத்துடும்" என்பார்.

நல்ல விதி. அந்த நல்ல விதிக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

பெருந்தொற்று ஊரையெல்லாம் சுற்றிவிட்டு ஓய்ந்த சமயம், எனக்கும் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மூக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒருநாள் காலை கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போயிருந்த என் மனைவி வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"பால் தீய்ஞ்சி தெருவே நாறுது! பக்கத்துலயே உக்காந்துகினு பேப்பர் படிக்கிறீங்களே, மூக்கை இன்னா வாடகைக்கு உட்டுட்டீங்களா?"

கரிப்பிடித்த பாத்திரத்தை முகத்துக்கு நேரே பிடித்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. வெறும் காற்று. சந்தனம், பூண்டு, என் பழைய காலுறை என்று எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தேன். எல்லாம் ஒரே காற்று. மருத்துவர், "வரலாம், வராமலும் போகலாம்" என்றார்.

மறுநாளே நான் ஆலையில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சம்பளத்துக்காக மறைத்தேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மை அதைவிடச் சின்னது. அக்கம்பக்கத்து ஆலைகளில் ஒரு சரக்கைப் பற்றித் தகராறு வந்தால் என்னைத்தான் கார் வைத்து அழைத்துப் போவார்கள். நான் குனிந்தால் அந்த இடமே அமைதியாகிவிடும். அந்த அமைதியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

எங்கள் மேசையில் மூன்று பேர். நான் ஒருவன். இன்னொருவர் மேகலா, ஆய்வகத்தில் எனக்கு அடுத்த நிலை, பெரியபாளையத்துப் பெண், கூர்மையான மூக்கு. மூன்றாவது இம்மானுவேல், பொன்னேரிப் பையன், கல்லூரி முடித்து வந்த புதிது. விதிப்படி இம்மானுவேல்தான் முதலில் பேச வேண்டும். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டே மேகலாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பான், பிறகு ஒரு கருத்தைச் சொல்வான். அடுத்து மேகலா. கடைசியில் நான்.

நானும் மேகலாவின் முகத்தைத்தான் படித்தேன். அவள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். சரக்கு நன்றாக இருந்தால் முகவாய் லேசாக உயரும். பழசு என்றால் இடது நாசி துடிக்கும். சேற்று வாடை என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒருமுறை ஒட்டிப் பிரியும். நான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடி, ஆழமாக மூச்சிழுத்து, "ம்... முதல்ல இனிப்பு வருது. பின்னால லேசா ஒரு சேறு" என்பேன். மேகலா வியந்து போவாள். "எப்படி சார், நான் நினைச்சதையே சொல்றீங்க!"

ஒரு வருடம் இப்படி ஓடியது. ஒரு தவறும் நடக்கவில்லை. ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "இவர் நம்ம கம்பெனியோட மூக்கு" என்றார் ஆலை மேலாளர் வரதன். இம்மானுவேல் விசிலடித்தான். எனக்குக் கழுத்தில் போட்ட மாலை ரோஜாவா சம்பங்கியா என்று குனிந்து கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது ஏழுமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துக்காரர். அந்தக் குப்பத்துப் படகுகளில் விழும் இறாலையெல்லாம் சேர்த்து, தினமும் தன் டெம்போவில் எங்கள் ஆலைக்குக் கொண்டு வருவார். பெரிய பண்ணைக்காரர்கள் பல ஆலைகளுக்கு மாற்றி மாற்றி அனுப்புவார்கள். ஏழுமலைக்கு நாங்கள் ஒருவர்தான். எங்கள் கதவு மூடினால் அந்தக் குப்பத்து இறால் சாலையோரக் கூடைக்குத்தான் போக வேண்டும். தொடர்ந்து மூன்று முறை சரக்கு தள்ளப்பட்டால் அந்த ஆளிடம் இனிமேல் வாங்கக் கூடாது என்று ஆலையில் ஒரு விதி உண்டு. அதை எழுதியவனும் நான்தான்.

ஒரு திங்கட்கிழமை, கணவாய் வேகவைத்த பாத்திரத்தைத் திறந்ததும் மேகலாவின் முகம் கோணிப் போனது. நாசி துடித்தது, நாக்கு ஒட்டியது, கண்ணில் நீர் கோர்த்தது. நான் பார்த்திராத முகம். 'ஐயோ, என்ன சரக்குடா இது!' என்று எனக்கே குமட்டியது.

"எனக்கு சரியில்லாத மாதிரி இருக்கு சார்" என்றான் இம்மானுவேல், அவளைப் பார்த்தபடி.

"ரொம்ப மோசம் சார்" என்றாள் மேகலா.

"தள்ளுங்க" என்றேன்.

அன்று மாலை வனாமி. தள்ளுங்க. மறுநாள் நண்டு. தள்ளுங்க. ஏழுமலையின் ஏரி இறால். சேறு, தள்ளுங்க. வாளை மீனைத் தட்டில் வைக்கும் முன்பே மேகலா கைக்குட்டையை எடுத்தாள். தள்ளுங்க, தள்ளுங்க.

அந்த வாரம் ஆலை பைத்தியம் பிடித்ததுபோல் ஆனது. உரித்துச் சுத்தம் செய்கிற கூடத்தில் பெண்கள் வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கடல் சூடாகிவிட்டது என்றார் ஒருவர். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் புகைபோக்கியைக் கைகாட்டினான் இம்மானுவேல். அமாவாசை போகட்டும், சரியாகிவிடும் என்றார் காவலாளி. எதற்கும் இருக்கட்டும் என்று வரதன் ஒரு பூசணிக்காயை வாங்கி, குளிர்கிடங்கு வாசலில் சுற்றி, உடைக்க ஓங்கினார். அது வழுக்கி அவர் காலிலேயே விழுந்து உடைந்தது. நொண்டிக்கொண்டே என்னிடம் வந்து, "சார், நீங்க இல்லன்னா இந்த நாத்தமெல்லாம் கப்பல் ஏறி நம்ம பேரே போயிருக்கும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

வேறு ஆலைகளில் அதே சரக்குகள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அதனால் என் மதிப்பு இன்னும் ஏறியது. "அவங்களுக்கெல்லாம் இந்த மூக்கு ஏது?" என்றார்கள்.

ஏழுமலையின் சரக்கு இரண்டாம் முறையும் தள்ளப்பட்டது. மூன்றாம் முறை அவர் வந்தபோது டெம்போவில் ஐஸ் பெட்டி இல்லை. தண்ணீர் நிரப்பிய நீலப் பீப்பாய்கள் இருந்தன. உள்ளே காற்றுக் குழாய் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது.

"தம்பி சேகரு பழைய எறாவைக் கலந்துட்டான்னு நெனச்சி, ஊர் முன்னால அவனை கை நீட்டி அடிச்சிட்டேன் சார். படகுல காலை வெக்காதன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு நானே ஏரில எறங்கிப் புடிச்சேன். உயிரோட கொணாந்துகிறேன். இத்த நீ தள்ளிட்டன்னா, என் குப்பத்துக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"பார்க்கலாம் ஏழுமலை" என்றேன்.

பிள்ளைகளே, இங்கே நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். இதுவரை நடந்ததை என் மூக்கின் மேல் போடலாம். இனி வருவதைப் போட முடியாது.

ஆய்வறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இம்மானுவேல் இறாலை இன்னும் உள்ளே போடவில்லை. வெறும் தண்ணீர். மேகலா பாத்திரத்தின் பக்கம் திரும்பினாள். முகம் கோணியது, நாசி துடித்தது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெறும் தண்ணீருக்கு.

நான் அதைப் பார்த்தேன். எங்கோ ஏதோ தப்பு என்று எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்தது. "ஏம்மா, உடம்புக்கு என்ன?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஆனால் கேட்டால் அவள் மேசையை விட்டுப் போய்விடுவாள். அப்புறம் யார் முகத்தைப் பார்ப்பது? இன்னொரு கணக்கும் என் மனதில் ஓடியது. கெட்டதை நல்லது என்று விட்டால், வாங்கியவன் திருப்பி அனுப்புவான், நான் பிடிபடுவேன். நல்லதைக் கெட்டது என்று தள்ளினால் யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். கறாரான ஆள் என்றுதான் சொல்வார்கள். தள்ளுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. என்ன ஆனாலும் வாசலில் டெம்போவோடு நிற்கிறவனுக்குத்தான் ஆகும்.

இறால் வெந்தது. இம்மானுவேல் மேகலாவைப் பார்த்தான். மேகலா கழுவுதொட்டியின் பக்கம் ஓடினாள். நான் கண்ணை மூடினேன்.

"தள்ளுங்க."

கொஞ்ச நேரத்தில் ஆய்வறைக் கதவு படாரென்று திறந்தது. ஏழுமலை ஒரு பிளாஸ்டிக் கூடையை இடுப்பில் ஏந்தி வந்து என் மேசைமேல் அப்படியே கவிழ்த்தார். அறை முழுக்க இறால் துள்ளியது. ஒன்று என் தேநீர்க் குவளையில் விழுந்தது. ஒன்று இம்மானுவேலின் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது. அவன் கோட்டைக் கழற்றத் தெரியாமல் சுழன்றான். சத்தம் கேட்டு வந்த வரதன், பூசணிக்காய் பட்ட காலைத் தூக்கிக்கொண்டு முக்காலியின்மேல் ஏறி நின்றார்.

"துள்ளிக்கினு இருக்குது சார்! உயிரோட இருக்கிறது நாறுமா? அப்ப நானும் நாறுறேன், என்னியும் தள்ளு!" என்று ஏழுமலை கத்தினார்.

"ஏழுமலை, சேற்று வாடைங்கறது உயிரோட இருந்தாலும் வரும்" என்றேன். உண்மைதான். உண்மையைக்கூட அன்று நான் பொய்க்காகத்தான் பயன்படுத்தினேன்.

"சரி. இத்த கேன்டீன்ல வெச்சி அவி. எல்லார் முன்னாலயும் மோந்து பாத்து உன் வாயால சொல்லு. சேறுன்னு சொல்லிட்டன்னா, நான் இந்தப் பக்கமே வரல."

முக்காலியின்மேலிருந்து வரதன், "சரி, சரி, அப்படியே பண்ணலாம். முதல்ல இதை யாராவது பிடிங்கப்பா" என்றார்.

கேன்டீனில் அது தேநீர் நேரம். உரிக்கும் கூடத்துப் பெண்கள், வண்டி ஓட்டுநர்கள், குளிர்கிடங்கு ஆட்கள் என்று எல்லோரும் கூடிவிட்டார்கள். கேன்டீன் மாஸ்டரும் வேடிக்கை பார்க்க முன்னால் வந்து நின்றுகொண்டார். ஒரு எவர்சில்வர் தட்டில் ஆவி பறக்க இறாலை என் முன்னால் வைத்தார்கள். எதிரே ஏழுமலை, துண்டைக் கையில் முறுக்கிப் பிடித்தபடி.

கண்ணை மூடிக் குனிந்தேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. நான் எதற்காக இவ்வளவையும் மறைத்தேனோ அதே அமைதி. அது இன்னும் ஆழமாகிக்கொண்டே போவதுபோல் இருந்தது. யாரோ மெதுவாக இருமினார்கள். எனக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே இன்னும் ஒருமுறை மூச்சை இழுத்தேன்.

"ம்... முதல்ல இனிப்பு வருது. பின்னால லேசா ஒரு..."

களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. கண்ணைத் திறந்தேன். அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பெண்கள் முந்தானையால், ஓட்டுநர்கள் சட்டைக் காலரால். எல்லோர் கண்ணும் ஒருமுறை அடுப்படிக்குப் போய் என்னிடம் திரும்பி வந்தது. அடுப்பில் ஒரு அண்டா பால், கவனிக்க ஆளில்லாமல் அடிபிடித்துக் கரியாகிக்கொண்டிருந்தது.

"சார்," என்றார் ஏழுமலை, மூக்கைப் பிடித்த குரலில். "பால் தீய்ஞ்சி குடலைப் புடுங்குது. உனக்கு சேறு மட்டும் தனியா தெரியுதா?"

பிடிபட்டேன் என்று நினைத்தேன். ஆனால் பட்டம் வாங்கியவனைக் காப்பாற்ற எப்போதும் ஒரு ஆள் இருப்பான். வரதன் முன்னால் வந்தார்.

"அதுதான்யா தவம்! இறால் மேல வெச்ச கவனத்துல சாருக்குப் பக்கத்துல தீயற பால்கூடத் தெரியல. பாத்துக்குங்க எல்லாரும், இதுதான் ட்ரெய்னிங்!"

நீங்கள் நம்ப மாட்டீர்கள்; கூட்டம் தலையாட்டியது. இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். ஏழுமலை என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முறுக்கிய துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் நம்பிவிட்டார். போகத் திரும்பினார். நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான்.

அப்போதுதான் முகம் கழுவப் போயிருந்த மேகலா உள்ளே வந்தாள். தீய்ந்த பாலின் நாற்றத்தில் தடுமாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு என் அருகே வந்து மெல்லக் கேட்டாள்:

"சார், உங்களுக்கு நெஜமாவே நாறுதா? எனக்கு தண்ணிகூட நாறுது சார். பயமா இருக்கு. நீங்களும் தள்றீங்களேன்னுதான் நானும் சும்மா இருந்தேன்."

அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு வருடம் எழுத்தெழுத்தாகப் படித்தவன் நான். அந்த முகத்தில் பயம் இருப்பதை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன்.

"இல்லம்மா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எனக்கு எதுவும் நாறல. இறாலும் தெரியல, பாலும் தெரியல. காய்ச்சல்ல மூக்கு போயிடுச்சு. ஒரு வருஷமா உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

வரதன் என்னையும் இறால் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

மேகலா என்னையே பார்த்தாள். அவள் உதடு எதையோ கணக்குப் போட்டது.

"அப்ப... நாறினது எனக்கு மட்டுமா சார்?"

"உனக்கு மட்டும்தான்மா."

"சரக்கு நாறல?"

"தெரியாதும்மா! எனக்கு எப்படித் தெரியும்?"

இம்மானுவேல் பாய்ந்து வந்து தட்டிலிருந்து ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டான். "சூப்பரா இருக்குது சார். இனிக்குது. முந்தாநாளும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஏன்டா சொல்லல?"

"அக்கா மூஞ்சப் பாத்தேன் சார்."

மேகலா அந்த அழுக்குப் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அழுகையாகி மறுபடியும் சிரிப்பாகியது. என்னவென்று புரியாமல் நாங்கள் நின்றோம், பெண்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தி குலவை போட்டாள். அப்புறம்தான் மேகலா சொன்னாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ரெண்டு வாட்டி உண்டாயிட்டேன்னு நம்பி ஏமாந்தேன் சார். இந்த வாட்டி எல்லாம் வாடை அடிச்சதும் ஒரு சந்தேகம். உங்க மூஞ்சியைப் பாத்தேன். நீங்களும் 'தள்ளுங்க'ன்னீங்க. சாருக்கே நாறுதுன்னா சரக்குதான் கெட்டது, எனக்கு ஒண்ணும் இல்லன்னு ஊட்டுக்குப் போய் அழுதேன் சார். டெஸ்ட்டுகூடப் பண்ணல."

நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து நம்பினாள். பையன் எங்கள் இருவரையும் பார்த்தான். வரதன் என்னைப் பார்த்துப் பூசணிக்காய் உடைத்தார். நடுவில் இறாலை யாரும் பார்க்கவே இல்லை.

இரண்டு பெண்கள் தலையில் போட்டிருந்த வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேகலாவை நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்க மருந்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது கேட்ட கூச்சலில் பக்கத்து உருக்காலைக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். கரிந்த அண்டாவைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கேன்டீன் மாஸ்டர் பால் இல்லாமலே எல்லோருக்கும் சர்க்கரைத் தண்ணி மாதிரி ஒரு தேநீர் கொடுத்தார். ஏழுமலையின் இறால் மொத்தமும் அன்று தட்டுக்குத் தட்டு பறந்தது. வரதன் நொண்டிக் காலோடு ஆடினார் என்றுகூடச் சொல்வேன், அவர் மறுப்பார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். ஏழுமலை சுவரோரமாக நின்றிருந்தார். நான் அருகே போனேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தம்பியை அடிச்சிட்டேனே சார்" என்றார்.

அந்த மாலையே அவருடைய டெம்போவில் பழவேற்காட்டுக்குப் போனேன். குப்பத்தில் ஆட்கள் கூடியிருந்த இடத்தில் நின்று, நடந்ததை விடாமல் சொன்னேன். சேகர் நெட்டையான, கோபக்கார இளைஞன். நான் சொல்லி முடித்ததும் எழுந்து வந்தான். ஒரு கருவாட்டை என் மூக்கின் கீழே பிடித்தான்.

"இது இன்னா, சொல்லு?"

"தெரியலப்பா."

அவன் மனைவி தலையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை உருவினான். "இது?"

"தெரியல."

"மண்ணெண்ண கொணாடா!" என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வருடத்தில் இவ்வளவு இலேசாக நான் நின்றதே இல்லை. சேகர் மட்டும் சிரிக்காமல் அண்ணன் பக்கம் திரும்பினான்.

"இவருக்கு மூக்கு இல்ல, சரி. உனக்கு இன்னா இல்லண்ணே?"

ஏழுமலை தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடியும் முறுக்க ஆரம்பித்தார்.

ஆலையில் நிர்வாகத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தள்ளிய சரக்குக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் நானே போய் நின்றேன். ஏழுமலையின் கதவு மூடப்படவில்லை. ருசிமேசையிலிருந்து நான் விலகிக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை மற்ற வேலைகளைப் பார்த்தேன். பொன்னாடையை என் மனைவி மிக்சிக்கு உறையாகத் தைத்துவிட்டாள். ஆனால் அந்தப் பருவம் முடியும்வரை சேகர் வேறொருவர் படகில்தான் போனான். முதல் இரண்டு நாள் இறால் பொன்னேரிச் சாலையோரத்தில் வந்த விலைக்குப் போனது போனதுதான். அண்ணன் தம்பி இப்போது பேசிக்கொள்கிறார்கள். முன்புபோல் என்று ஏழுமலை சொல்வதில்லை. "பேசிக்கிறோம் சார்" என்பார், அவ்வளவுதான்.

உங்களில் யாராவது ஒருநாள் மேசையின் கடைசியில் நிற்பீர்கள். அன்று "தள்ளுங்க" என்ற சொல் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்று பாருங்கள். சுலபமாக வந்தால் நிறுத்துங்கள். உங்கள் மூக்கு, கண், காது எதுவானாலும் ஒருநாள் கைவிடும், அது குற்றமில்லை. கைவிட்ட அன்றே சொல்லிவிடுங்கள்.

மேகலாவுக்குப் பெண் குழந்தை. பவானி அம்மனுக்கு வேண்டுதல் நிறைவேற்ற எங்களையெல்லாம் பெரியபாளையத்துக்கு அழைத்திருந்தாள். ஏழுமலை ஒரு பெட்டி இறாலோடு கோயிலுக்கே வந்துவிட்டார். அதைக் கோயில் வாசலில் எங்கே மறைத்து வைப்பது என்று இம்மானுவேல் அலைந்தான். சுற்றிலும் வேப்பிலை கட்டிய கூட்டம், கற்பூரம், பொங்கல் அடுப்புப் புகை. எனக்கு எல்லாம் ஒரே காற்று. மேகலா குழந்தையை என் கையில் வைத்தாள். குழந்தையின் உச்சந்தலைக்கு ஒரு வாசனை உண்டு என்பார்கள். வழக்கம்போல் கண்ணை மூடிக் குனிந்து, நீளமாக மூச்சிழுத்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இந்த முறை நான்தான் முதலில் பேசினேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. நீ சொல்லு."

அவள் மகளின் தலையை முகர்ந்தாள். முகவாய் லேசாக உயர்ந்தது.

"பால் வாசனைதான் சார்," என்றாள். "தீயாத பால்."